88ஆம் சங்கீதத்தை வீட்டில் வாசிக்கலாமா?

எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் பைபிளின் சங்கீதங்களுக்கு எண்தான் பெயர். காய்ச்சல், தலைவலி என்றால் 23. ஊருக்குக் கிளம்பும்போது 121. புது வீட்டுப் பிரதிஷ்டைக்கு 127, கல்யாணத்துக்கு 128, துக்க வீட்டில் 90. ராத்திரி பயம், ஆபரேஷன், கோர்ட் கேஸ், பிள்ளைகளின் பப்ளிக் பரீட்சை எல்லாவற்றுக்கும் பொதுவாக 91. கொரோனா ஊரடங்கில் 91 வாட்ஸ்அப்பில் வராத நாளே இல்லை. சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் வாசல் கதவில் அதை அச்சடித்து ஒட்டியிருந்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன். சண்டே ஸ்கூல் பக்கம் எட்டிப் பார்த்தவர்களுக்குக்கூட இந்த எண்கள் எல்லாம் அத்துப்படி.

இந்தப் பட்டியலில் 88 கிடையாது. என் ஞாபகத்தில் எந்தக் கூட்டத்திலும் யாரும் அதை எடுத்து வாசித்ததில்லை. அதற்குக் காரணமும் இருக்கிறது. அழுகிற சங்கீதங்கள் நிறைய உண்டு. 150இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடுதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை எங்கேயாவது ஒரு இடத்தில் திரும்பிவிடும். 13 ‘எதுவரைக்கும்’ என்று கேட்டுக்கொண்டே தொடங்கி, ஆறே வசனத்தில் பாட்டில் முடிகிறது. சிலுவையில் ஆண்டவர் சொன்ன வார்த்தை 22இன் முதல் வரி. அதுகூடப் போகப்போக மகா சபையில் துதி என்று ஏறிவிடும். 88 திரும்புவதே இல்லை. ‘என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே’ என்ற விளிப்புதான் அதிலுள்ள ஒரே வெளிச்சம். அதற்குப் பிறகு 18ஆம் வசனம் வரை இறக்கம்தான். கடைசியில் சிநேகிதனும் இல்லை, தோழனும் இல்லை, அறிந்தவர்களையும் காணோம். அங்கேயே பாட்டு நின்றுபோகிறது. பதில் வருவதில்லை.

இதை வீட்டில், நோயாளியை வைத்துக்கொண்டு வாசிக்கலாமா கூடாதா என்பதில் எனக்கும் என் நாத்தனாருக்கும் 2024 டிசம்பரில் ஒரு கருத்து வேறுபாடு வந்தது. சண்டை என்று சொல்லமாட்டேன். குரலை உயர்த்துகிற பழக்கம் எங்கள் இருவருக்கும் இல்லை. ஆனால் அது மனதை விட்டுப் போகவும் இல்லை.

மழை வாரம்

என் மாமனார் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுகிறவராக, இருந்து ஓய்வு பெற்றவர். சேலத்தில் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய சங்கம் 1827இல் வேலையைத் தொடங்கியது. அந்த வழியாக இந்தக் குடும்பத்துக்குள் வந்ததில் முதல் சொத்து எழுத்துதான் என்பார் மாமா. படிக்கத் தெரிந்ததால்தான் அவருடைய அப்பாவுக்கும் பிறகு அவருக்கும் தோட்டத்தில் மண்வெட்டிக்குப் பதிலாகப் பேனா கிடைத்தது. அதனாலோ என்னவோ, வாசிப்பில் அவர் கறார். ராத்திரி எட்டரைக்குக் குடும்ப ஜெபம்: ஒரு கீர்த்தனை, ஒரு அதிகாரம், ஒரு சங்கீதம், பிறகு ஜெபம். அதிகாரமும் சரி, சங்கீதமும் சரி, வரிசையாகத்தான் போகவேண்டும், தாண்டக் கூடாது. கல்யாணமாகி வந்த புதிதில் 1 நாளாகமம் ஓடிக்கொண்டிருந்தது. முதல் ஒன்பது அதிகாரமும் பேர்ப்பட்டியல். புது மருமகள் என்ற சலுகை ஒன்றும் கிடைக்கவில்லை. நான் தடுமாறின பேரையெல்லாம் மாமா பாராமலே எடுத்துக் கொடுப்பார்.

அந்த நவம்பரில் அவருக்கு இருதயம் பலவீனப்பட்டு, கால் வீங்கி, ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். முன் அறையில் கட்டில் போட்டோம். கண் மங்கிவிட்டதால் வாசிப்பு முழுக்க என் பொறுப்பு. நாத்தனார் ஓசூரிலிருந்து வந்து தங்கியிருந்தார்; நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். டிசம்பர் 1, கிறிஸ்மஸுக்கு முந்தைய ஆகமன காலத்தின் முதல் ஞாயிறு. போர்ட்டிகோவில் ஸ்டார் கட்ட என் கணவர் ஏணி வைத்ததும் மழை பிடித்தது. ஃபெஞ்சல் புயல் கரை கடந்து உள்ளே வந்து, எங்கள் பக்கத்தில் கொட்டித் தீர்த்த வாரம் அது. ஊத்தங்கரையில் வண்டிகளை வெள்ளம் இழுத்துப் போவதை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஏற்காடு மலைப்பாதையில் மண்சரிந்து போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். மாமாவைப் பார்க்க மலையிலிருந்து அவருடைய பழைய கூட்டாளிகள் இரண்டு பேர் இறங்கி வருவதாக இருந்தது. வரமுடியவில்லை. அவருக்கு அதைவிடப் பெரிய கவலை, பழம் பறிப்பு நேரத்தில் இப்படி மழையா என்பது. யாரோ ஒரு முதலாளியின் காபி. இவர் வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று. ஆனாலும் படுத்துக்கொண்டே, “களத்துல காயப் போட்டதெல்லாம் நனைஞ்சிருக்கும்” என்று நாலு தரம் சொல்லிவிட்டார்.

அந்த வாரத்தில் ஒரு ராத்திரி, வரிசைப்படி, 88 வந்தது.

ஜீவன் பாதாளத்துக்குச் சமீபமாய் வந்தது என்கிற இடம் மூன்றாம் வசனத்திலேயே வந்துவிடும். “போதும், நிறுத்து” என்றார் அண்ணி. “உடம்பு முடியாதவங்களை வச்சுக்கிட்டு இதையா படிக்கறது? அதுவும் கிறிஸ்மஸ் மாசம். 91 எடு.” என் கணவர் தரையைப் பார்த்தார். மாமா கண்ணை மூடியிருந்தார். நான் பக்கத்தைத் திருப்பினேன். ‘உன்னதமானவரின் மறைவிலிருக்கிறவன்’ என்று தொடங்கும்போது அண்ணியும் பாராமல் கூடவே சொன்னார். குரல் நடுங்கியது. அதைக் கேட்ட பிறகு அவர்மேல் கோபப்பட என்னால் முடியவில்லை.

பக்கத்துக் கட்டில்

கோபம் இல்லையென்றாலும் உறுத்தல் இருந்தது. அது அன்றைக்குத் தொடங்கியதும் அல்ல. ஆஸ்பத்திரியில் மாமா ஜெனரல் வார்டில் இருந்தபோது அண்ணி தினமும் சாயங்காலம் தலைமாட்டில் நின்று 91ஐச் சத்தமாக வாசிப்பார். பக்கத்துக் கட்டிலில் வாழப்பாடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். அவர் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து, நம் ஆட்கள் இல்லையென்றாலும், கை கூப்பிக் கேட்டுக்கொண்டிருப்பார். ‘உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது’ என்ற வசனம் வரும்போதெல்லாம் எனக்கு முதுகு கூசும். அந்தக் கட்டில் எங்களுக்கு வலதுபுறம்தான் இருந்தது. ஒருநாள் காலையில் நாங்கள் போனபோது அது காலி; விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவை அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

91 பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அதை வாசித்துத் தூங்கிய ராத்திரிகள் எனக்கும் உண்டு. ஆனால் அதை மட்டும் வாசிக்கிற வீட்டில், விழுந்த அந்த ஆயிரம் பேருக்கு இடமில்லை. நாமே அந்த ஆயிரத்தில் ஒருவராகிற நாள் வந்தால் வாசிக்கவும் ஒன்றும் இருக்காது. நாம் யோசிப்பதில்லையே தவிர, சுவிசேஷத்தில் 91ஐ எடுத்துச் சொல்வது யார்? தேவாலயத்து உப்பரிகையின்மேல் ஆண்டவரை நிறுத்தி, குதியும், தூதர்கள் தாங்குவார்கள் என்கிற சாத்தான்தான். அவன் சொன்னது வேத வசனம்தான், தப்பாகவும் சொல்லவில்லை. ஆண்டவர் அதை மறுக்கவும் இல்லை. ‘என்றும் எழுதியிருக்கிறதே’ என்று இன்னொரு வசனத்தை அதன் பக்கத்தில் வைத்தார். ஒரு வசனத்தைத் தனியாக விட்டுவைக்காதே என்பதாகத்தான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன். பிரசங்கிமார் வேறு மாதிரி சொல்லலாம்.

இந்தத் தேர்ந்தெடுத்த வாசிப்பை யாரும் திட்டமிட்டுக் கொண்டுவரவில்லை. நம் மண்ணின் பழக்கம் அது. ‘போறேன்’ என்று சொல்லாமல் ‘போயிட்டு வரேன்’ என்கிறோம். அரிசி தீர்ந்துபோனால் தீர்ந்தது என்று சொல்லமாட்டோம். நல்ல காரியம் நடக்கிற வீட்டில் வாயில் வருகிற சொல்லைப் பார்த்துப் பேசுவோம். ஞானஸ்நானம் எடுத்து நாலு தலைமுறை ஆனாலும் அது எங்கள் வீட்டு நாக்கிலும் இருக்கிறது. அதை அஞ்ஞானம் என்று கடிந்துகொள்கிற சபை ஐயர்மாரும் (போதகர்களும்) உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதில் பிரியம் இருக்கிறது. அப்பாவின் தலைமாட்டில் கெட்ட சொல் விழக்கூடாது என்று ஒரு மகள் நினைப்பதை எப்படித் தப்பு என்று சொல்ல? என் கேள்வியெல்லாம், வேதத்தில் அப்படிப்பட்ட சொல் இருக்கிறபோது என்ன செய்வது என்பதுதான்.

காலண்டர்காரர்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ‘அவைகள் காலைதோறும் புதியவைகள்’ என்ற வசனம் இல்லாத கிறிஸ்தவ வீட்டுச் சுவர் சேலத்தில் உண்டா? அது புலம்பல் புத்தகத்தில் இருக்கிறது. எரிந்துபோன எருசலேமைப் பார்த்து அழுத ஐந்து அதிகாரம், 154 வசனம். பசியில் தாய்மார் என்ன செய்தார்கள் என்பதுகூட அதில் எழுதியிருக்கிறது. சுவருக்கு வந்தது நடுவிலிருந்து ஓரிரண்டு வசனம். அழுகையைக் கழித்துவிட்டு ஆறுதலை மட்டும் கத்தரித்து எடுத்தால், அது யாருக்கு எதற்காகச் சொன்ன ஆறுதல் என்பதே தெரியாமல் போகிறது.

சபையாவது ஒருநாள் ஒதுக்கிவைத்திருக்கிறது. புனித வெள்ளியன்று பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை, வெள்ளைச் சேலையில் உட்கார்ந்து, சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளையும் கேட்கிறோம். ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்பது ஆலயம் முழுக்க ஒலிக்கும். பழைய ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் புனித வெள்ளி மாலை ஆராதனைக்குக் குறித்திருக்கும் சங்கீதங்களில் 88உம் ஒன்று. ஆனால் வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்ததும் நாங்கள் 23க்குத் திரும்பிவிடுவோம். இதைப் பக்கத்து வீட்டு டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கத்தோலிக்கர். “எங்க இரவு ஜெபத்துல வெள்ளிக்கிழமைக்கு அதுதானே” என்றார், சாதாரணமாக. திருச்சபையின் இரவு மன்றாட்டில் ஒவ்வொரு வெள்ளியும், படுக்கப் போகுமுன், 88தான். ஏற்காட்டு மலையில் எத்தனை கன்னியர் மடங்கள்! அண்ணி பயந்த அந்தச் சங்கீதத்தைச் சொல்லிவிட்டு விளக்கை அணைத்துத் தூங்குகிறவர்கள் நம் மலைமேலேயே இருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

ரைட்டர் கணக்கு

நிறுத்திய ராத்திரிக்கு மறுநாள் காலை. அண்ணி குளிக்கப் போயிருந்தார். மாத்திரையையும் வெந்நீரையும் எடுத்துப் போனேன். மாமா விழுங்கிவிட்டு, டம்ளரைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“ஏம்மா, நேத்து பாதியில விட்டியே, மீதி எங்க?”

“அண்ணி வேண்டாம்னாங்க, மாமா.”

“அது கேட்டுச்சு. காது இன்னும் நல்லாத்தான் இருக்கு.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “செக்ரோல்ல, அதான் தோட்டத்து ஆள் வருகைப் பதிவேட்டுல, மழை நாளுக்கும் ஒரு கட்டம் உண்டும்மா. ஆள் வரலை, வேலை இல்லைன்னு அதுல எழுதணும். நல்லா வேலை நடந்த நாளை மட்டும் எழுதிட்டு அதைக் காலியா விட்டா, மாசக் கடைசியில கணக்கு இடிக்கும். களத்துல பழம் ஏன் பூசணம் பூத்துச்சுன்னு தொரை கேட்பாரு. மழை பெஞ்சதுன்னு எழுதியிருந்தாத்தானே சொல்ல முடியும்?”

இவ்வளவுதான் சொன்னார். தன் நோயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விசுவாசம், பரலோகம் என்றெல்லாம் விளக்கவும் இல்லை. எனக்குத்தான் சட்டென்று உட்காரவேண்டும் போலிருந்தது. அவர் வரிசை மாறாமல் வாசிப்பதை இத்தனை வருஷமும் ஒரு பிடிவாதம் என்றே எண்ணியிருந்தேன். நாளாகமத்துப் பேர்ப்பட்டியலையும் தாண்டவிடாதது, லேவியராகமத்துக் குஷ்டரோக அதிகாரங்களைச் சாப்பாட்டுக்கு முன்னால் வாசிக்கவைத்தது எல்லாம் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. தேர்ந்தெடுக்கிற உரிமை வாசிக்கிறவன் கையில் இருக்கக் கூடாது என்று அவர் நினைத்திருக்கிறார். தேர்ந்தெடுக்கவிட்டால் நாம் எதை எடுப்போம் என்பது அவருக்குத் தெரியும்.

அன்று ராத்திரி அவரே, “88” என்றார். அண்ணி ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குப் போய்ப் பால் காய்ச்சினார். பாத்திரச் சத்தம் எதுவும் வராததால், அங்கிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். முழுக்க வாசித்தேன். மரித்தவர்களுக்கு அதிசயங்களைச் செய்வீரோ என்று அந்த ஆள் தேவனிடமே கேட்கிற இடத்தில் மாமா ‘ம்’ கொட்டினார். சிநேகிதனும் தோழனும் தூரமானதைச் சொல்லும் கடைசி வசனத்தை முடித்ததும் அவர் கேட்டது, “ரோடு திறந்துட்டாங்களா?”

இல்லை என்று என் கணவர் சொன்னார்.

“யாரு எழுதினது இது?” என்றார் பிறகு. தலைப்பில் ஏமான் என்று போட்டிருக்கிறது என்றேன். 1 நாளாகமம் 25ஐ அண்மையில்தான் புரட்டியிருந்தேன். அந்தப் பெயரில் ஒரு பாடகர் அங்கே வருகிறார். தேவன் அவருக்கு 14 மகன்களையும் 3 மகள்களையும் கொடுத்தார் என்று இருக்கிறது. இரண்டு ஏமானும் ஒருவர்தானா என்பதில் உரைகாரர்கள் ஒத்துப்போவதில்லை. அதைச் சொல்வதற்குள் மாமா சிரித்துவிட்டார். “பதினேழு பிள்ளையா! அப்ப புலம்பத்தான் செய்வான்.” சமையலறையிலிருந்தும் ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. மறுநாள் 89. அது 52 வசனம். பாதியிலேயே மாமா தூங்கிவிட்டார்.

137 வந்தபோது

இங்கேயே நிறுத்தியிருந்தால் நான் சொல்வது சரி, அண்ணி சொல்வது தவறு என்று ஆகியிருக்கும். விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை.

ஜனவரியில், பொங்கல் கழிந்து, மாமா நாற்காலியில் உட்காரும் அளவுக்குத் தேறியிருந்தார். மலைப்பாதை திறந்து கூட்டாளிகளும் வந்து, ஒரு பை ஆரஞ்சும் கொஞ்சம் மிளகும் கொடுத்து, காபி விலையைப் பற்றி ஒரு மத்தியானம் முழுக்கப் பேசிவிட்டுப் போனார்கள். அண்ணி ஓசூர் திரும்பிவிட்டார். ஆனால் ராத்திரி ஜெபத்துக்கு போனில் சேர்ந்துகொள்வார். “இன்னைக்கு எத்தனாவது?” என்பதுதான் முதல் கேள்வி. அன்று 137 என்றதும், “அதோட கடைசி வசனம் தெரியுமில்ல?” என்றார்.

தெரியும். பாபிலோன் ஆறுகள் அருகே உட்கார்ந்து அழுத அழகான வசனங்களைப் பாடகர் குழுக்களும் பாடுகின்றன. எட்டும் ஒன்பதும் யாரும் பாடுவதில்லை. உன் குழந்தைகளைப் பிடித்துக் கல்லின்மேல் மோதுகிறவன் பாக்கியவான் என்று பாபிலோனைப் பார்த்துச் சொல்கிறது ஒன்பதாம் வசனம். என் பையன் ஏழாம் வகுப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

“இதுவும் மழை நாள் கணக்காப்பா?” என்று ஸ்பீக்கரில் கேட்டார் அண்ணி. அதில் கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். மாமா வெகுநேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, “எட்டோட நிறுத்திக்கோம்மா, புள்ள இருக்கான்” என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 88ஐத் தன் தலைமாட்டில் வாசிக்கச் சொன்னவர், பேரன் என்றதும் கட்டத்தைக் காலியாக விடச் சொல்கிறார்!

அதற்குள் பையன் தன் பைபிளில் வாசித்தே விட்டிருந்தான். “அம்மா, இது நெசமாவே இதுல இருக்கா?” வேறு வழியில்லை. கி.மு. 586இல் பாபிலோன் படை எருசலேமை எரித்ததையும், மிச்சமிருந்தவர்களைக் கைதிகளாக நடத்திக்கொண்டு போனதையும், போன இடத்தில் ‘எங்கே, உங்க ஊர்ப் பாட்டைப் பாடுங்க’ என்று கேட்டதையும் சொன்னேன். அவர்கள் கண்முன்னே என்னவெல்லாம் நடந்திருந்தால் இப்படி ஒரு வார்த்தை வாயில் வரும் என்றும் சொன்னேன்.

“அப்ப இவங்க அப்படிச் செஞ்சாங்களா?”

“இந்தப் பாட்டுல செஞ்சதா இல்லை. சொல்லித்தான் அழறாங்க.”

“சாமிகிட்டயேவா?”

“ஆமா.”

“அவர் ஒண்ணும் சொல்லலையா?”

“சத்துருக்களைச் சிநேகியுங்கள்னு மத்தேயு 5இல் ஆண்டவர் சொல்லியிருக்காரே, அதை எடுத்துப் படிங்க” என்றார் ஓசூரிலிருந்து அண்ணி. அது அறுநூறு வருஷம் கழித்து என்றார் என் கணவர். ஆண்டவருக்கு வருஷக் கணக்கு ஏது என்றார் அண்ணி. அப்படிச் சொன்னால் அன்றைக்கு அழுதவர்களுக்கு என்ன பதில் என்றேன் நான். எட்டோடு நிறுத்தியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது என்றார் மாமா. அதனால்தான் நிறுத்தக் கூடாது என்றேன். மாமாவை எதிர்த்து ஜெப நேரத்தில் நான் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் முறைக்கவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. ஜெபம் முடிந்து சாப்பிட உட்காரும்போது மணி பத்தரை. இட்லி கல்லாகியிருந்தது.

ஒன்பதாம் வசனத்தைப் பிள்ளைகள் முன்னால் சத்தமாக வாசிப்பதா வேண்டாமா என்பதில் மாமாவுக்கும் எனக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அடுத்த சுற்றில் 137 வருவதற்குள் பையன் எட்டாம் வகுப்புக்குப் போயிருப்பான். அன்றைக்கு அவனையே வாசிக்கவிடலாம், எங்கே நிறுத்துவது என்று அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று யோசனை சொன்னவர் அண்ணிதான். மாமா அதற்குச் சரி என்றார். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.